மூண்டரை அண்ணை வீட்டுச் செத்தவீடு

ஐந்து நட்சத்திரம் போடத் தகுந்த பொருள் இந்தப் பூமியில் ஒன்றுகூடக் கிடையாது என்று நிறுவிக் காட்டிய மனிதர் ஒருவர் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்தார். மழைக்கு இரண்டு போடுவார். பஸ் ஓட்டுபவருக்கு இரண்டரை. கோயில் பொங்கலுக்கு மூன்று, முந்திரிகை கண்ணில் பட்டால் கால் கூட்டுவார். எவ்வளவு நல்ல பொருளானாலும் மூன்றரைக்கு மேல் அவருக்குக் கை போகாது. அதனால் அவரைவிட வயது மூத்தவர்கள்கூட அவரை மூண்டரை அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை.

புதன்கிழமைகளில் எங்கள் பகுதி வயதுபோன தமிழர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவோம். தேத்தண்ணீர், வடை, கொஞ்சம் உடற்பயிற்சி, நிறைய வருத்தம் துன்பம். தவமணி அக்காதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. எனக்குக் கதவோரக் கதிரை. நாலு பேர் சேர்ந்திருந்தால் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த ஆள்; வாத்தியார் கேள்வி கேட்டபோதும் இப்படித்தான் இருந்தேன்.

அண்ணை பெற்றோல் நிலையத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர். நித்திரை வராமலிருக்க வாசிக்கத் தொடங்கி, வேலை நின்ற பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. அதுவும் இரண்டே வகைதான். ஒன்று, ஆகாயத்தில் கப்பல் ஓடும் கதை. மற்றது, டிராகன் பறக்கும் கதை. ஆட்கள் மண்ணில் நடந்து திரியும் கதை அவருக்கு ஆகாது. “அதைத்தானே கடைத்தெருவிலை நெடுகப் பாக்கிறம்” என்பார்.

புத்தகம் என்று அவர் கொண்டுவந்தது ஒரு கறுப்புப் பலகை. நான் படித்த சிலேட்டைவிடச் சிறியது. நூற்றுக்கணக்கான புத்தகம் அதற்குள் இருக்கிறது என்றார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் ஒன்றுமில்லை. அந்தப் புத்தகத்துக்கு அடிக்கடி கரண்ட் வேண்டும். ஒருநாள் தேத்தண்ணீர்க் கேத்திலின் வயரைப் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைச் செருகினார். மண்டபம் முழுவதும் தேத்தண்ணீர் இல்லாமல் காத்திருந்தது.

“அண்ணை, சனத்துக்கு விடாய்க்குது” என்றார் தவமணி அக்கா.

“பொறும் தவமணி. அங்கை ஒரு கிரகமே தண்ணியில்லாமல் சாகுது.”

வாசித்ததை அவர் எங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார். ஹவுன்ஸ்லோவில் தலைக்கு மேல் விமானம் ஓயாது. விமானம் வந்தால் ஒரு விரலை உயர்த்தியபடி அப்படியே நிற்பார். “அவள் வாளை உருவி அவன்ரை கழுத்திலை...” என்று சொல்லி விரலை உயர்த்துவார். விமானம் முழுவதாகப் போன பிறகு, “...வைச்சிட்டு, பிறகு யோசிச்சாள்” என்பார். எங்கள் வடைகள் அதுவரை வாயருகிலேயே நிற்கும்.

புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் எங்கள் வாய்க்குள் அடங்காது என்று அவரே நல்ல பெயர்களாக வைத்துவிடுவார். “உண்மைப் பேரைச் சொன்னால் உங்களுக்குப் பல்செட் கழண்டு போகும். நாங்கள் இவனை ரகு எண்டு வைப்பம்.” சக்கரவர்த்தி கனகசபை ஆனார். சூனியக்காரிக்குப் புவனேஸ்வரி. மூன்று புத்தகங்களை ஒன்றாக வாசிப்பவர் ஆதலால், கனகசபையின் டிராகன் ரகுவின் கப்பலுக்குள் எப்படி வந்தது என்று நான் பஸ்ஸில் போகும்போதும் யோசித்துக்கொண்டிருப்பேன். அது வரவேயில்லை, வேறு புத்தகம் என்று அடுத்த புதன்தான் தெரியும். அதற்குள் நான் அந்த டிராகனுக்குக் கப்பலில் இடமெல்லாம் ஒதுக்கியிருப்பேன்.

கதை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் “எத்தினை?” என்று கேட்பார். ஐந்தில் எவ்வளவு குறைத்தாலும் காரணம் சொல்ல வேண்டும். அது அவருடைய சட்டம். என்னிடம் வரும்போது நான் சேலைத் தலைப்பைப் பார்ப்பேன். அவர் வற்புறுத்தமாட்டார். ஒருமுறை மட்டும் என் பக்கத்தில் இருந்து மெல்லச் சொன்னார்.

“வாசிச்சதை ஆருக்கும் சொல்லாட்டில் வாசிச்ச மாதிரியே இல்லைத் தங்கச்சி. மனிசி இருக்கேக்கை அவவுக்குச் சொல்லுவன். கேட்டுக்கொண்டே நித்திரையாப் போவா. நான் நிப்பாட்டினால் முழிச்சிடுவா.”

ஒரு புதன்கிழமை அண்ணை வரவில்லை. தவமணி அக்கா போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார். அண்ணையின் குரல் உடைந்திருந்தது.

“ரகு செத்துப்போனான் தவமணி.”

“ஐயோ. எப்பிடி அண்ணை?”

“கப்பலோடை போயிட்டான். உடம்புகூடக் கிடைக்காது. பெண்சாதி வயித்திலை பிள்ளையோடை நித்திரையிலை கிடக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

அக்கா அழுதுகொண்டே போனை வைத்துவிட்டார். துக்கத்தில் இருப்பவரிடம் துருவிக் கேட்பது எங்களில் பழக்கமில்லை.

எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. “அக்கா, இந்த ரகு கப்பல் ஓட்டுறவரோ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, கப்பலிலைதான் வேலையாம். அண்ணையின்ரை மருமகனாக்கும்” என்றார் அக்கா. அவரே அவ்வளவு உறுதியாகச் சொன்னதும், இது வேறொரு ரகு என்று நான் நம்பிவிட்டேன்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். மத்தியானத்துக்குள் புட்டு, பருப்பு, வாழைக்காய்க் கறி தயார். சொதி என்னுடையது. வெள்ளைச் சேலைகளோடும் சட்டிகளோடும் நாங்கள் பஸ்ஸில் ஏறியபோது, முன்னால் இருந்த பெடியன்கள் தாங்களாகவே எழும்பி இடம் விட்டார்கள்.

அண்ணை கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. தவமணி அக்கா வாசலிலேயே குரல் வைத்து அழுதார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் திரைச்சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக மூடினார்.

அண்ணை அப்படியே உருகிப்போனார். “ரகுவுக்காக இவ்வளவு பேர் வருவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. அப்ப நீங்கள் எல்லாரும் காதுகுடுத்துத்தான் கேட்டிருக்கிறீங்கள்” என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

எங்களோடு மதுரைப் பக்கத்துக் கோமதியம்மாவும் வந்திருந்தார். கண்ணைத் துடைத்தபடி, “பாடி எப்பங்க வரும்?” என்று கேட்டார்.

“வராது அம்மா. கருந்துளைக்குள்ளை போனது திரும்பி வாறேல்லை.”

“அது எந்த ஊர்லங்க இருக்கு?”

“ஊரோ? பால்வீதிக்கு அங்காலை.”

அழுகை ஒவ்வொன்றாக நின்றது.

“அண்ணை, ரகு உங்கடை மருமகன் இல்லையோ?” என்றார் தவமணி அக்கா.

“மருமகனோ? அவன் கடைசிக்கு முதல் அத்தியாயத்திலை சாகிறவன்.”

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் போனது. அண்ணை பழக்கத்தில் விரலை உயர்த்தினார். நாங்கள் எல்லோரும் வெள்ளைச் சேலையோடு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். விமானம் போனதும் அவர் என் சட்டியைத் திறந்து, விரலால் தொட்டு நக்கி, “சொதி மூண்டரை” என்றார். தவமணி அக்கா மற்றச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். என் சட்டி மட்டும் அங்கே தங்கிவிட்டது.

அடுத்த புதன் அக்கா எழுந்து நின்று அறிவித்தார். “இனி இந்த மண்டபத்திலை உண்மைக் கதை மட்டும்தான். விளங்கிச்சோ அண்ணை?”

அண்ணை தலையாட்டினார். பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மற்றவர்களின் சீனி வருத்தத்தையும் மூட்டு வலியையும் கேட்டார். யாருக்கும் நட்சத்திரம் போடவில்லை. அடுத்த கிழமை வந்து அரைவாசியில் எழும்பிப் போனார். பிறகு வரவேயில்லை. கேத்தில் நன்றாகக் கொதித்தது. தேத்தண்ணீர் நேரத்துக்கு வந்தது. எனக்குத்தான் குடிக்க மனமில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கழுவித் துடைத்த என் சட்டியோடு கதவடியில் வந்து நின்றார். மெலிந்திருந்தார்.

“உம்மடை சட்டி, தங்கச்சி. வாறன்.”

திரும்பிவிட்டார். இந்தக் கதவால் போனால் இவர் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

“அண்ணை, ரகுவின்ரை பெண்சாதி எழும்பிட்டாளோ?”

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோமதியம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

“ஆமா, அந்தப் பொண்ணுக்கு யாருங்க போய்ச் சொன்னா?”

“பிள்ளை பிறந்திட்டுதோ?” என்று ஒரு மூலையிலிருந்து கேட்டார்கள்.

அண்ணை தவமணி அக்காவைப் பார்த்தார். அக்கா வடைத் தட்டைக் கீழே வைத்தார்.

“என்னை ஏன் பாக்கிறியள்? வெள்ளைச் சீலை கட்டி, பஸ் ஏறி வந்து, தொண்டை கட்ட அழுதனாங்கள். அழுதாப் பிறகு அவன் எங்கடை பெடியன். அவன்ரை முப்பத்தொண்டாம் நாள் காரியமும் வரப்போகுது. இருந்து சொல்லுங்கோ.”

பிறகு தானே போய்க் கேத்திலின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

அண்ணை சொன்னார். அந்தப் பெண் எழும்பினாள்; எழும்பும்போது அவளுடைய பிள்ளைக்கு அவளைவிட வயது கூட. இது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் அழுதேன். முடிவில் என்னிடமும் வந்து “எத்தினை தங்கச்சி?” என்று கேட்டார். நான் வழக்கம்போலச் சேலைத் தலைப்பைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு பேச்சுத்தான் என்னால் ஏலும்.

இப்போது அண்ணைக்கு முழங்கால் சரியில்லை. மகள் ஹரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புதன்கிழமைகளில் விமானம் போகும்போது நாங்கள் பேச்சை நிறுத்துகிறோம். யாரும் விரலை உயர்த்துவதில்லை.

நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை ஹரோவிலும் கிடைக்கும் என்கிறார்கள். அதனால் இதில் சொல்லிவிடுகிறேன்: அண்ணைக்கு என் கணக்கில் நாலரை. அரையைக் குறைத்ததற்குக் காரணத்தை இங்கே எழுதமாட்டேன். சட்டப்படி அவர் போன் எடுத்துக் கேட்கட்டும்.