நீதிமன்றத்தில் ஒரு நீர் மாத்திரை

"ஐயா, ஒரு நிமிஷம்... பேனாவுல மை தீர்ந்துடுச்சு."

சாட்சி திறந்த வாயோடு நின்றான். வக்கீல் தூக்கிய கையோடு நின்றார். அந்த நீதிமன்றத்தில் முப்பது வருடமாகச் சுருக்கெழுத்து எழுதும் அம்மாள் பதிலுக்குக் காத்திராமல் தாழ்வாரத்தில் பறந்தாள்.

நீதிபதி கறாரான மனிதர். தானாக எழுந்து விசாரணையை நிறுத்தியதே இல்லை என்று பேரெடுத்தவர். ஆனால் எழுத ஆளில்லாமல் என்ன விசாரணை? "பத்து நிமிஷம் இடைவேளை" என்று அங்கியைச் சுருட்டிக்கொண்டு விருட்டென்று உள்ளே போனார்.

'போச்சு, கோபம் தலைக்கேறிடுச்சு' என்று அம்மாள் நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் அந்த மாத்திரை செய்த வேலை. போன மாதம் மூச்சு வாங்குகிறதென்று போனவளுக்கு, இதயம் கொஞ்சம் பலவீனம் என்று டாக்டர் சீட்டு எழுதினார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. மூன்றும் சாதுக்கள், போன இடம் தெரியாது. நாலாவதுதான் நீர் மாத்திரை. பொட்டளவு இருக்கும். காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் பத்தரையிலிருந்து அரைமணிக்கொரு தரம் ஆளைக் கழிவறைக்கு எழுப்பிவிடும். பேனாவில் மை இல்லை, நோட்டு தீர்ந்தது, வீட்டிலிருந்து போன் என்று ஒவ்வொரு தரமும் ஒரு சாக்கு.

"பேசாம நீதிபதிகிட்ட சொல்லிடேன்" என்றார் கணவர்.

"நல்லா இருக்கு! இதயம் சரியில்லைன்னு தெரிஞ்சா ஆவண அறைக்குத் தள்ளிடுவாங்க. அங்க போய் கரப்பான்பூச்சியோட வாக்குமூலத்தையா எழுதறது? நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். முதலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். நாக்கு ஒட்டியது, தலை சுற்றியது, சுருக்கெழுத்தில் ஒரு வளைவு பிசகியது. வாசிக்கச் சொன்னபோது, "சம்பவத்தன்று நடந்த கோழியை நான் பார்க்கவில்லை" என்று கணீரென்று வாசித்தாள். கொலை வழக்கு அது. கைதி கூடச் சிரித்துவிட்டான்.

அடுத்து, மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினாள். "நீ தூங்கறியா, நடைப்பயிற்சி பண்றியா?" என்று கணவர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார். மறுநாள் குறுக்கு விசாரணை நடுவே நோட்டின் மேல் தலை சாய்ந்தது.

கடைசியில் மாத்திரையையே விட்டுவிட்டாள். இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மாடி ஏற மூன்று இடத்தில் நின்றாள். கணவர் அதற்குமேல் பேச்சு வார்த்தைக்கு இடம் கொடுக்கவில்லை, நேரே டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். "மாத்திரையை விடாதீங்க. விடியக்காலை அஞ்சு மணிக்குப் போடுங்க. கோர்ட் கூடறதுக்குள்ள அதோட ஆட்டம் அடங்கிடும்."

"இதை முதல்லயே கேட்டிருக்கலாம்" என்று கணவர் முணுமுணுத்தார்.

அப்படியே அடங்கியது. வீக்கம் வடிந்து, அடுத்த திங்கட்கிழமை அம்மாள் ராணி மாதிரி வந்து உட்கார்ந்தாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. பேனா ஓடியது, அவள் அசையவில்லை. நீதிபதி மட்டும் அடிக்கடி அவளையே பார்த்தார்.

"ஏம்மா, பேனாவுல மை இருக்கா?"

"ரெண்டு பேனா வெச்சிருக்கேங்க ஐயா."

"நோட்டு?"

"புது நோட்டுங்க."

நீதிபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுலேருந்து போன் கீன்...?"

"இனிமே எதுவும் குறுக்கே வராதுங்க ஐயா" என்றாள் கம்பீரமாக.

பன்னிரண்டரைக்கு, சாட்சி பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே நீதிபதி எழுந்தார். "வழக்கு நாளைக்கு!" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சபையே திகைத்தது.

அம்மாள் நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். நீதிபதியின் அறையிலிருந்து வந்த பியூனைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னிக்கு ஒரு தடவைகூட எந்திரிக்கலையே! அப்புறமும் ஏன் இவ்வளவு கோபம்?"

பியூன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அட போங்கம்மா! ஒரு மாசமா ஐயாவுக்கு நீர் மாத்திரை எடுத்துக் குடுக்கறவனே நான்தான். நீங்க எந்திரிச்சாத்தானே அவர் எந்திரிக்க முடியும்!"