ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொடுக்கும் பெண்

கடவுளைத் தொந்தரவு செய்வதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள். இருபத்தேழு வயதில் நான் அப்படி ஒருவனாக இருந்தேன்.

அந்த வருடம் எங்கள் சபையின் வாலிபர் முகாமுக்குப் போய் வந்திருந்தேன். சின்னச் சின்ன முடிவுகளிலும் கர்த்தருடைய சித்தத்தைத் தேட வேண்டும் என்று அங்கே ஒருவர் பேசினார். நல்ல மனுஷர், நல்ல அர்த்தத்தில்தான் சொன்னார். கேட்டவன் நானாக இருந்ததுதான் கோளாறு. மறுநாளிலிருந்து எந்தச் சட்டை போடுவது என்று கேட்டு அலமாரிக்கு முன்னால் கண்ணை மூடி நிற்க ஆரம்பித்தேன். காந்திபுரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு டவுன் பஸ் வந்தால் எதில் ஏறுவது என்று ஜெபிப்பேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் இரண்டுமே போயிருக்கும். (அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு.) ஆபீஸ் கேன்டீனில் டீயா காபியா என்று கேட்டுவிட்டு மாஸ்டர் எனக்காகக் காத்திருக்க மாட்டார். "சாம் சாருக்கு மேலிருந்து உத்தரவு வரட்டுமுங்க, அடுத்த ஆள் வாங்க" என்பார்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

பெண் பெயர் சுகந்தி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தயாரான சாமான்களை அளந்து பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்லும் வேலை. அவள் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் நல்ல காரியம் எதற்கும் முன்னால் நிற்பவர் பக்கத்து வீட்டிலேயே இருந்த தேவராஜ் பெரியப்பாதான். அம்மா, பெரியப்பா, நான், மூன்று பேரும் அவருடைய பழைய காரில் போவதென்று முடிவாயிற்று.

பஸ்ஸுக்கே அவ்வளவு ஜெபித்தவன் மனைவியைச் சும்மா தேர்ந்தெடுக்க முடியுமா? வேதத்தில் ஒரு சம்பவம் வரும். எஜமானுடைய மகனுக்குப் பெண் தேடிப் போன வேலைக்காரர் ஒருவர், கிணற்றடியில் ஒட்டகங்களோடு நின்று ஓர் அடையாளம் கேட்பார். நான் குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது எந்தப் பெண் எனக்கும் கொடுத்து, ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று தானாகச் சொல்கிறாளோ, அவளே பெண். அப்படியே நடக்கும்.

என்னிடம் ஒட்டகம் இல்லை. பெரியப்பாவிடம் கார் இருந்தது. சுகந்தி எனக்குத் தண்ணீர் கொடுத்து, வண்டிக்கும் ஊற்றட்டுமா என்று அவளாகக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடையாளம் கெட்டுவிடும் என்று ஒரு பயம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெரியப்பா தன் காரைப் பராமரிப்பது போல் தன் உடம்பைப் பராமரித்திருந்தால் சர்க்கரை வியாதியே வந்திருக்காது. தினமும் காலையில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். அந்தக் காருக்கு ஆயுசுக்கும் தாகம் எடுக்காது. ஆகவே, ஆண்டவருக்குக் கொஞ்சம் உதவி செய்யலாம் என்று தீர்மானித்தேன். (இந்த வாக்கியத்தை இன்று எழுதும்போதும் எனக்கு என்னை ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கிறது.) அன்றைக்குக் காலை ஆராதனைக்குக் கிளம்பும் முன், பெரியப்பா தண்ணீர் பார்த்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், காருக்கு அடியில் படுத்து ரேடியேட்டரின் அடிமூடியைத் திருகினேன். ஒரு சொம்பு அளவு எடுக்கலாம் என்று நினைத்தேன். மூடி மறுபடி இறுக மாட்டேன் என்று அடம்பிடித்ததில் மூன்று சொம்புக்கு மேல் சாக்கடைக்குப் போய்விட்டது.

மத்தியானம் மேட்டுப்பாளையம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே சூடு காட்டும் ஊசி ஏற ஆரம்பித்தது.

"என்னடா இது, காலைலதான பாத்தேன்" என்றார் பெரியப்பா.

"வெயிலுங்க பெரியப்பா" என்றேன். வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது.

சுகந்தியின் தெரு முனையில் திரும்பும்போது முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. அவள் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது, இட்லி அண்டாவோடு வந்திறங்கியது போல் இருந்தது. வீட்டிலிருந்த எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள், சுகந்தி உட்பட. அம்மாவுக்கு அவமானத்தில் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே ஸ்தோத்திரம். பெண் இருக்கிறாள், ஒட்டகம் இருக்கிறது, தாகமும் இருக்கிறது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

சுகந்தி உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பாதி நிறைவேறிவிட்டது. அவள் காரைப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, வண்டிக்கு மட்டும் இப்ப தண்ணி ஊத்தீராதீங்க" என்றாள். "சூட்டுல ஊத்துனா இஞ்சின் வெடிப்பு விட்டுரும். அரை மணி நேரம் ஆறட்டுமுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்ட அடையாளத்துக்கு நேர் எதிரான பதில் இவ்வளவு தெளிவாக யாருக்கும் கிடைத்திருக்காது. ஆனால் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் இம்சை. கேசரியும் காபியும் வந்தன. பெரியவர்கள் சபையைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் பேசினார்கள். நான் ஆண்டவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆறிய பிறகு கேட்டால் அதுவும் கணக்குதானே? சுகந்தி ஏதோ என் வேலையைப் பற்றிக் கேட்டாள்.

"வண்டிக்குத்தான் பாவம், தாகமா இருக்கும்" என்று பதில் சொன்னேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கம்பெனியில் தேறாத சாமானைப் பார்க்கும் பார்வை அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இன்னும் மூன்று நான்கு தடவை வண்டியின் தாகத்தைப் பற்றிப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. சுகந்தியின் அப்பா எழுந்தார். "தம்பி வண்டி நெனப்பாவே இருக்கறாரு. இருங்க கண்ணு, நானே தண்ணி ஊத்திப்போட்டு வாரேன்" என்று சொல்லி, கொல்லையிலிருந்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

எனக்குத் திக்கென்றது. அடையாளம் நிறைவேறப் போகிறது, அதுவும் அறுபது வயது ஆண்மகன் மூலமாக. தாவி ஓடி வாசலில் பக்கெட்டின் பிடியைப் பற்றினேன்.

"நீங்க ஊத்தக் கூடாதுங்க."

"பரவாயில்லீங்க தம்பி, உடுங்க."

"இல்லீங்க, நீங்க ஊத்தக் கூடாது. அவங்கதான் ஊத்தணும்."

"ஆரு?"

"சுகந்திங்க."

பக்கெட் எங்கள் இருவருக்கும் நடுவில் ஆடி, பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. பின்னாலேயே வந்திருந்த சுகந்தியின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"ஏனுங்க தம்பி, எம்பட பொண்ணு தண்ணி தூக்குவாளா, வேலை வெட்டி செய்வாளான்னு சோதிச்சுப் பாக்கறீங்களாங்க? அவ காலைல எட்டு மணிக்கு வேலைக்குப் போறவளுங்க. உங்க ஊட்டுக்கு வண்டி கழுவ ஆள் வேணுமுன்னா அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே."

ஒவ்வொரு 'ங்க'வும் ஓர் அறை. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எப்படியாவது விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் பானெட்டைத் தூக்கி, நானே ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

"தொறக்காதீங்க" என்று சுகந்தி சொல்வது கேட்டது. கேட்கும்போதே திறந்துவிட்டேன்.

துரு கலந்த வெந்நீர் ஒரு பீச்சு பீச்சியது. மணிக்கட்டு வெந்துபோனது. பெண் பார்ப்பதற்காக ஜெபித்துத் தேர்ந்தெடுத்த வெள்ளைச் சட்டை செங்கல் நிறமானது. சுகந்திதான் என் கையை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்தாள். பத்து நிமிடம் அப்படியே பிடிக்கச் சொன்னாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். "நான் எதுக்கு ஊத்தணும்?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்ல முடியவில்லை. கிணறு, ஒட்டகம், ஜெபம், எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டகம் வரைக்கும் பெரியவர்கள் முகத்தில் லேசான இரக்கம் இருந்தது. அடிமூடியைத் திருகியதைச் சொன்னதும் பெரியப்பா முன்னால் வந்தார்.

"எம்பட வண்டில தண்ணிய எறக்கிப்போட்டியாடா?"

"கொஞ்சந்தானுங்க பெரியப்பா."

"இருவது கிலோமீட்டர் தண்ணியில்லாம ஓட்ட உட்டிருக்கறயே. கர்த்தரா எறக்கச் சொன்னாரு?"

சுகந்தி குழாயை மூடினாள்.

"நாங்களும் ஜெபம் பண்றவங்கதானுங்க" என்றாள். "ஆனா என்னப் பத்தித் தெரியணுமுன்னா என்கிட்டக் கேக்கலாமுங்க. இவ்வளவு நேரமா எதுத்தாப்பலதான் உக்காந்திருந்தேன்."

கார் அன்றைக்குக் கிளம்பவே இல்லை. மெக்கானிக் வந்து பார்த்து இஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொன்னபோது பெரியப்பா, ஆஸ்பத்திரியில் நிற்கிறவர் போல, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பட்டுப்புடவையில் அம்மா, கசங்கிய ஜிப்பாவில் பெரியப்பா, செங்கல் நிறச் சட்டையில் நான், மூவரும் டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வந்து சேர்ந்தோம். முதலில் வந்த பஸ்ஸிலேயே ஏறினேன். ஜெபிக்கத் தைரியம் இல்லை.

"ஜெபிச்சுட்டுச் சொல்றோம்" என்று சுகந்தி வீட்டிலிருந்து தகவல் வந்தது. கிறிஸ்தவ வீடுகளில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அம்மா வேறு இடம் பார்க்க ஆரம்பித்தாள். நான் போய்ச் சுகந்தியின் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர்கள் காபி கொடுத்தார்கள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் வலித்தது.

இரண்டு மாதம் கழித்து, சரி என்று பதில் வந்தபோது அம்மாவே நம்பவில்லை.

கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள் சுகந்தியிடம் கேட்டேன், நீ என்ன அடையாளம் கேட்டாய் என்று.

"அடையாளமெல்லாம் கேக்கலீங்க. புத்தி குடுங்கன்னு கேட்டேன். அப்புறம் விசாரிச்சேன்."

"யாருகிட்ட?"

"உங்க ஆபீஸ் வாட்ச்மேன்கிட்ட, கேன்டீன் மாஸ்டர்கிட்ட, சர்ச்சுல கூட்டிப் பெருக்கற அக்காகிட்ட. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. தம்பி கொஞ்சம் கிறுக்கு, ஆனா ஆரையும் மரியாதைக் கொறவாப் பேச மாட்டாருன்னு." எழுந்துகொண்டே, "மாட்டிக்கிட்டப்பறம் பொய் சொல்லலீங்க நீங்க. அதையும் பாத்தேன்" என்றாள்.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. இப்போதும் ஜெபிக்கிறேன், ஆனால் சட்டையைப் பற்றி இல்லை. பெரியப்பா என்னைத் தன் வண்டியின் இரண்டடிக்குள் விடுவதில்லை. மாமனார் வீட்டு உறவில் எனக்குப் பெயரே 'அடையாளம் மாப்பிள்ளை'. புதிதாக யாராவது ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் மாமனார் உட்கார்ந்து ஆதியிலிருந்து சொல்வார். வேட்டி நனைந்த கட்டம் வந்ததும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

போன மாதம் அவர்கள் சபைக்குப் புதிய போதகர் ஒருவர் வந்தார். யாரோ என்னை அந்தப் பெயரில் அறிமுகம் செய்துவிட்டார்கள், கதையைச் சொல்லவில்லை. அவர் பக்தியோடு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாலிபர் கூட்டத்தில் தேவசித்தத்தை அறிவது எப்படி என்று சாட்சி சொல்ல வேண்டும், மறுக்கக் கூடாது என்றார். நான் மறுக்க வாயெடுப்பதற்குள் சுகந்தி முந்திக்கொண்டாள்.

"கண்டிப்பா வருவாருங்க ஐயா. நானும் முன் வரிசையில உக்காந்து கேக்கறேன். எதையாவது விட்டுட்டாருன்னா எடுத்துக் குடுக்க ஆள் வேணுமுங்களே."