அத்தைக்குக் கொடுக்காத தண்ணீர்

திண்டுக்கல்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய நிலக்கோட்டை அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் அறிவுச்செல்வி வணங்கி எழுதுவது. நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்தை நீங்கள் இப்போது கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். அப்பா நான்கு முறை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்குப் பேச வராது. அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குக் காரணம் அப்பா இல்லை, நான்தான். வேதியியல் படித்து முடித்ததிலிருந்து, எந்தத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று தேடித் தேடிப் படித்தேன். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு பாத்திரத்திலும் சீட்டு ஒட்டினேன். கேனில், ‘சத்து இல்லை, அவசரத்துக்கு மட்டும்.’ மண்பானையில், ‘கொதித்து ஆறியது, மறுநாள் ஆகாது.’ செம்புக் குடத்தில், ‘எட்டு மணி நேரம் ஆகாமல் தொடாதே.’ வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் எழுதியது என்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மா அதைச் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

அஜித் மச்சானின் கல்யாணப் பத்திரிகைத் தட்டோடு நீங்களும் மாமாவும் வந்து உட்கார்ந்தீர்கள். ரவா லட்டை வாயில் போட்டதும் உங்களுக்கு விக்கல் எடுத்தது. அம்மா கேனில் பிடித்து வந்தார். “எந்தங்கச்சிக்குக் கேன் தண்ணியா? சத்தே இல்லைன்னு எழுதியிருக்குல்ல?” என்று அப்பா டம்ளரைத் திருப்பி அனுப்பினார். பானைத் தண்ணீர் நேற்றையதா இன்றையதா என்று இருவருக்கும் அடுத்த சண்டை.

“தண்ணி குடிக்கப் பரீட்சை எதும் எழுதணுமா மச்சான்?” என்றார் மாமா.

“செத்த இருங்க மாப்ள. வந்தவளுக்கு நல்லதாக் குடுக்கணும்ல?”

“நல்லதத் தேடுறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும்ணே!” என்றீர்கள், மூன்று விக்கலுக்கு நடுவே.

“ஏத்தா, செம்புத் தண்ணி ஆயிருச்சா?” என்று அம்மா உள்ளே பார்த்துக் கத்தினார்.

நான் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். எதையாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க நான் பேசியது ஒரே வாக்கியம்: “இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்மா.”

நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனீர்கள். பக்கத்து வீட்டு ரூபி அக்கா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, எங்களுக்கு வைத்த பத்திரிகையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். மறுநாள் அக்கா கொண்டுவந்து நீட்டினார். “எந்தங்கச்சி கையால குடுத்தாத்தான் வாங்குவேன்” என்று அப்பா மறுத்துவிட்டார். ‘அண்ணன் பொம்மையன் குடும்பத்தார்’ என்று நீங்கள் சொல்லி மாமா எழுதிய அந்தப் பத்திரிகை இப்போது ரூபி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. சுவர் ஓரம் நின்றால் தெரியும். அப்பா அங்கேதான் நிற்கிறார்.

என்னை அவர் திட்டவில்லை. டீக்கடையில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் “எம்மக படிச்சவ” என்று ஆரம்பிப்பவர், இப்போது பேச்சை மாற்றிவிடுகிறாராம். அது திட்டைவிட வலிக்கிறது. வரும் புதன்கிழமை தாய்மாமன் மாலையைப் போட மச்சானுக்கு அவரைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? என்னைக் கூப்பிட வேண்டாம், அத்தை. அப்பாவை மட்டும் கூப்பிடுங்கள். பிறந்த வீட்டில் உங்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல் செய்த பாவம் என்னோடு போகட்டும்.

மாமாவுக்கும் மச்சானுக்கும் என் வணக்கம். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்க வேண்டும்.

தலைகுனிவுடன்,
அறிவுச்செல்வி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ரூபி அக்கா எங்கள் குடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று ஞாயிறு காலையில் ஒரு குடம் தண்ணீர் கேட்டிருந்தார். எங்களுக்கு ஆகாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த குழாய்த் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் குடித்தது அதைத்தானாம். ஆகவே, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். நீங்கள் அண்ணன் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், விக்கலும் நின்றிருக்கிறது. இதைக் கேட்டதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நிலக்கோட்டைக்குக் கிளம்பிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடுவார். “ஆபத்துக்கு எம்புட்டு நல்ல தண்ணி குடுத்த அறிவு!” என்று ரூபி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.