ஊதா வாய் மாப்பிள்ளை

கல்யாணம் ஆகிற வரைக்கும் ஒரு பொய்கூடச் சொல்லாத ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. என்னுடைய பொய் வாய்க்குள் இருந்தது. ஊதா நிறத்தில்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கண்டி மாநகர சபையில் கிளார்க். (நாலு இடம் தட்டிப்போய், அம்மா நேர்ந்துகொள்ளாத கோயில் பாக்கியில்லை.) ஐந்தாவதாகக் கடுகண்ணாவையில் ஒரு கடைக்காரர் மகள் அமைந்தாள். அந்த வாரம் பார்த்துத்தானா என் நாக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் படர வேண்டும்? டிஸ்பென்சரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது வாயோட நிக்கிற வியாதி இல்ல தம்பி. சீனி இருக்கான்னு முதல்ல டெஸ்ட் பண்ணுங்க. அதுவரைக்கும் இந்த ஊதா மருந்த ராத்திரியில கொஞ்சமா நாக்கில தடவுங்க."

சீனி வியாதிக்காரனுக்கு எவன் பெண் கொடுப்பான்? தாலி கட்டிய பிறகு டெஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். (அறிவாளி!) கொஞ்சமாய்த் தடவினால் கொஞ்சம்தானே குணமாகும்? பெண் பார்க்கப் போகிற காலையில் அரைப் போத்தலை எடுத்து நாக்கு, ஈறு, உதடு என்று பூசித் தள்ளினேன். கண்ணாடியில் பார்த்தால், ஒரு கூடை நாவல்பழத்தைத் தின்றவன் மாதிரி நிற்கிறேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"நீ வாயத் திறக்காத. நான் பேசிக்கிறேன்" என்றார் அம்மா.

யுத்த காலம். கடுகண்ணாவைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் அடையாள அட்டையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். தமிழன், அதுவும் பதில் சொல்லாத தமிழன்! சந்தேகம் வராதா? "கட்ட அரின்ன!" - வாயைத் திற என்று சிங்களத்தில் அதட்டி, தாடையைப் பிடித்துத் திறந்தான். அவ்வளவுதான். நான் புலிகள் மாதிரி குப்பி நஞ்சைக் கடித்துவிட்டேன் என்று கத்தி, ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா அழுதுகொண்டே பெண்ணின் அப்பாவிடம் ஓடினார். அந்த வருடங்களில் ஜீப்பில் ஏற்றப்பட்ட எத்தனையோ பொடியன்கள் வீடு திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் என் வாயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிறுநீரைச் சோதித்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "நஞ்சுமில்லை, ஒன்றுமில்லை. இவனுக்குச் சீனி வியாதி. அதுவும் தாராளமாக!" என்று ஆமிக்காரனுக்கு விளங்கும்படி சிங்களத்தில் உரக்கச் சொன்னார். வாசலில், மூச்சிரைக்க ஓடிவந்த வருங்கால மாமனார் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடமாகச் சிங்களத்தில் வியாபாரம் பண்ணுகிறவர். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

கையெழுத்துப் போட்டு என்னை மீட்டவரும் அவர்தான். வீட்டுக்குக் கூட்டிப்போய் வீட்டாரிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, எங்களிடம் "தேத்தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க. இந்தச் சம்பந்தம் சரிவராது" என்றார். வெட்கத்தில் செத்தே போனேன்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த பெண் அப்படியே நின்றாள். "ஏம்ப்பா, ஆமி புடிச்சிட்டுப் போனவரே திரும்பி வந்துட்டாரு. சீனிய நான் பார்த்துக்க மாட்டேனா?"

இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், என் சோற்றை அளந்து போட்டு. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: "எங்க வீட்டுக்காரரு. ஆமியே செக் பண்ணிக் குடுத்த மாப்பிள்ளை!"