இறகு போல ஒரு பை

"இது எதுக்கு?"

"குளிருக்கு."

"அப்ப அது?"

"அதுவும் குளிருக்குத்தான். அது காத்தோட வர்ற குளிருக்கு, இது சும்மா இருக்கிற குளிருக்கு."

"குளிர்ல இத்தனை ரகமா?"

"அந்த ஊர்ல காலைல வெயிலாம், மத்தியானம் மழையாம், சாயங்காலம் பனியாம். எல்லாம் ஒரே நாள்ல."

"அப்படிப்பட்ட ஊருக்கு நாம எதுக்குப் போறோம்?"

"நாம இல்ல. நீங்கதான் போறீங்க."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கட்டிலைப் பார்த்தார். கட்டில் தெரியவில்லை. கம்பளிச் சட்டைகள், உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி, மழைக்கோட்டு, அது நனைந்துவிட்டால் போட்டுக்கொள்ள இன்னொரு மழைக்கோட்டு, ஒரு வெந்நீர்ப் பை. ஓரத்தில் அவருடைய முதுகுப் பை, பணக்கார வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஏழைச் சொந்தக்காரனைப் போலச் சுருங்கி உட்கார்ந்திருந்தது.

"இத்தனையையும் யாரும்மா தூக்குறது?"

"நீங்கதான். வேற யாரும் தொடக் கூடாதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு வந்திருக்கீங்களே," என்றாள் மனைவி.

உண்மைதான். அவர் ஒரு நடைக்குழுவில் இருந்தார். போன வருஷம் அந்தக் குழு பக்கத்தில் ஒரு மலைக்குப் போனது. பாதி வழியில் அவர் ஒரு பாறையைப் பார்த்தார், பாறையும் அவரைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டார். கூட வந்த மைத்துனன், மனைவியின் தம்பி, தன் பையை முதுகிலும் அவர் பையை மார்பிலும் மாட்டிக்கொண்டு அவரைக் கைப்பிடித்துக் கீழே கூட்டிவந்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குடும்பத்தில் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் அதைச் சொன்னான். முதலில் பையை மட்டும் தூக்கியதாகச் சொன்னவன், பிறகு அவரையும் சேர்த்துத் தூக்கியதாகச் சொன்னான். கடைசியாகச் சொன்னபோது அவர் அழுதும் இருந்தார்.

இந்த வருஷம் வெளிநாட்டு மலை. ஒரு வாரம் நடை, அவரவர் பை அவரவர் முதுகில். கூட்டத்தில், குழுவை நடத்துகிற விசில் டீச்சர், "யாருக்காவது சிரமம் இருக்குமா?" என்று பொதுவாகத்தான் கேட்டார். எல்லாத் தலைகளும் கண்ணாடிக் கடைக்காரர் பக்கம் திரும்பின. அவர் எழுந்து நின்றார்.

"என் பையை நான்தான் தூக்குவேன். வேற யாராவது தொட்டா, அன்னியோட நான் இந்தக் குழுவுல இல்ல."

கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இப்போது கட்டில் முழுக்கப் பரப்பி வைக்கப்பட்டிருந்தது.

மனைவி மருந்துக் கடைக்கு வேலைக்குப் போனதும், அவர் பையிலிருந்து ஒரு மழைக்கோட்டையும் வெந்நீர்ப் பையையும் எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார். சாயங்காலம் அவள் வந்து பையை ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். நேராகப் போய் இரண்டையும் எடுத்துவந்து, திரும்ப வைத்து, கூடவே ஒரு குடையும் வைத்தாள்.

"குடை எதுக்கு?"

"ஒளிச்சு வச்சதுக்கு."

மறுநாள் மைத்துனன் தன் பையைக் கொண்டுவந்து போட்டான். வேன் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடங்களில்தான் அவனுக்கு வேலை, அதனால் வாழ்நாள் முழுக்கப் படியேறியே திரிந்தவன். பையில் இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு.

"இவ்வளவுதானா மாப்ள?"

"வேற என்ன மாமா? வெயிலடிச்சா கழட்டுவேன், குளிரடிச்சா வேகமா நடப்பேன்."

அவன் போனபிறகு கண்ணாடிக் கடைக்காரர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொளதொளவென்று, உள்ளே காற்று மட்டும் நிறைந்த பை. ஆளில்லாத வீட்டைப் பார்க்கும்போது சிலருக்கு வருகிற எண்ணம் அவருக்கும் வந்தது. வெந்நீர்ப் பையும் இரண்டாவது மழைக்கோட்டும் முதலில் குடியேறின. தடித்த பூட்ஸ் பின்னால் போனது.

மனைவி அவருடைய பையைத் திறந்து பார்த்தாள். "அட, இன்னும் இடம் இருக்கே," என்று ஒரு போர்வையை வைத்தாள்.

போர்வை மைத்துனன் பைக்குப் போனது.

"நான் அடுக்கினா அப்படித்தான். எவ்வளவு வச்சாலும் இடம் இருக்கும்," என்று இரண்டு சட்டைகளை வைத்துவிட்டு, தன் சாமர்த்தியத்தை அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

சட்டைகளும் போயின. குடை போனது. இவர் எடுக்க எடுக்க அவள் ஊற்று மாதிரி வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு காலை, கழுத்துக்குச் சுற்றும் கம்பளியைத் திணிக்கும்போது, மைத்துனன் பையின் ஜிப்பு ஒரு பெருமூச்சோடு வாயைப் பிளந்தது. அவர் பிளந்த பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி கடைக்குப் போனார். அன்று இரண்டு பேருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியையும் தூரப்பார்வைக் கண்ணாடியையும் மாற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் வந்தால், வாசல் பக்கத்தில் அவருடைய சின்னப் பைக்கு அருகே ஒரு பிரம்மாண்டமான புதுப் பை நின்றது. உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் அளவுக்கு இருந்தது.

"தம்பி பை ஜிப்பு பிஞ்சுபோச்சு," என்றாள் மனைவி. "எங்க முதலாளி வீட்ல இது சும்மா கிடந்துது, கேட்டு வாங்கிட்டு வந்தேன். எல்லாத்தையும் நனையாம கறுப்பு பிளாஸ்டிக்ல கட்டி, மாத்தி வச்சுட்டேன்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவனுக்கென்ன. சந்தோஷம்தான்."

ஜிப்பு எப்படிப் பிய்ந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு நிம்மதியாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன ஒருவருக்கு அது கவலையாக இருந்திருக்க வேண்டும்.

அவர் தன்னுடைய சின்னப் பையைத் தூக்கிப் பார்த்தார். இறகு மாதிரி வந்தது. ஒரு மாதமாக வீட்டுப் படிகளை ஏறி இறங்கியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடி முன் நின்று பையை மாட்டிப் பார்த்தார். பனி மூடிய ஏதோ ஒரு கணவாயில், பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று சொல்கிற ஒரு மனிதர் அங்கே நின்றார். மைத்துனனுக்கு அந்தக் காட்சியில் மூச்சு வாங்கியது.

பிறகு அவர் பார்வை பெரிய பையின் பக்கம் போனது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு கஞ்சத்தனம் எதற்கு? எடைக்குப் பயந்து தியாகம் செய்திருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தொலைநோக்கி. படிக்க நேரமே கிடைக்காத ஒரு தடித்த நாவல். பிஸ்கட் டின். களைப்பாக இருந்தால் உட்கார ஒரு மடக்கு நாற்காலி, இரும்பில் செய்தது. மனைவி அடுப்படியில் இருந்த நேரத்தில் எல்லாவற்றையும் உள்ளே அழுத்தினார். மனசாட்சி லேசாக உறுத்தியது. லிஃப்ட்டையே தூக்குகிறவனுக்கு ஒரு நாற்காலி ஒரு பொருட்டா என்று அதைச் சமாதானப்படுத்தினார்.

விடிந்ததும் வேன் வந்தது. நடைக்குழு முழுக்க ஜன்னல்களில் எட்டிப் பார்த்தது. விசில் டீச்சர் இறங்கி நின்றார். எழுபது வயதிலும் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிற மாதிரியே நிற்பவர்.

வாசலில் இரண்டு பைகளும் இருந்தன. கண்ணாடிக் கடைக்காரர் இந்த நேரத்துக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தார்.

"என்ன மாப்ள," என்றார், வேனுக்குக் கேட்கிற மாதிரி. "வீட்டையே பேத்து எடுத்துட்டு வர்ற போல?"

வேன் சிரித்தது. மைத்துனனும் சிரித்தான்.

"மலைல முடியலைன்னா வெக்கப்படாம சொல்லு. யாராவது கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வருவோம். ஆனா பையை மட்டும் அவங்கவங்கதான் தூக்கணும். அது போன கூட்டத்துலயே பேசி முடிச்சாச்சு, என்ன டீச்சர்?"

"ஆமா சார். கை தட்டினோமே," என்றார் டீச்சர்.

மைத்துனன் குனிந்து, சின்னப் பையை ஒரு விரலால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"மாப்ள, அது என் பை."

"நேத்து வரைக்கும் மாமா. என் பை பிஞ்சதும் பார்த்தா, உள்ள பூரா உங்க சாமான். அதான் அக்கா என் ரெண்டு சட்டையை இதுல வச்சுட்டு, உங்களோடது மொத்தத்தையும் அந்தப் பெரிய பைல கட்டிட்டா."

கண்ணாடிக் கடைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் விசிலை எடுத்து, ஊதாமல், கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சார், எல்லாரும் ஏறியாச்சு. உங்க பையைக் கொஞ்சம் தூக்கிட்டு வர்றீங்களா?"