கீழ் வீட்டிலிருந்து இரண்டு தட்டல்

டொக், டொக்.

தையல் மெஷினின் மிதியிலிருந்து எடுத்த கால் அந்தரத்தில் நிற்க, டெய்லரக்கா காதைக் கூர்மையாக்கினார். சத்தம் தரைக்கு அடியிலிருந்துதான் வந்தது.

"என்னங்க! கீழ் வீட்டுல கம்பால தட்டுறாங்க!"

அவருடைய கணவரான வாத்தியார் பக்கத்து அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தரையில் காதை வைத்தார்.

"நீ மெஷினை நிறுத்தினதும் கேட்டுச்சா?"

"ஆமா. ஓடும்போது இந்தச் சத்தத்துல எனக்கு என்ன கேட்கும்? எவ்வளவு நேரமா தட்டினாரோ, பாவம்."

பாவம்தான். கீழ் வீட்டில் இருப்பவர் லாரி டிரைவர். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அரிசியும் மருந்தும் ஏற்றி ஊர் ஊராக ஓட்டிப் போனவர். பத்து நாளுக்கு முன் தொற்றோடு திரும்பி வந்தார். வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது, வெளியே வரக் கூடாது. டிரைவர் பின்னறையில் தனியாக, அவர் மனைவி முன்னறையில் தனியாக. குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்ததால் போன் நம்பரும் இல்லை.

அந்தப் பின்னறைக்கு நேர் மேலேதான் இந்த மெஷின்.

கடையை அடைத்ததும் டெய்லரக்கா அதை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு மாதம் அது துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர்களுக்கு முகக்கவசம் இருக்கிறது. வார்டு துடைக்கிறவர்கள் வரைக்கும் வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. இருநூறு வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வரும். தைத்துத் தர முடியுமா?

"முடியுமாவா? கை நமநமன்னு இருக்கு, துணியை அனுப்புங்க" என்றார் டெய்லரக்கா. கேட்டார்களே என்று மனசு நிறைந்திருந்தது. மதியமே துணி வந்து சேர்ந்தது.

இப்போது இந்தத் தட்டல்.

தையல் மெஷின் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று பார்த்தால் அதன்மேல் கோபமே வராது. காலால் மிதித்தால் கீழே பெரிய சக்கரம் சுற்றும். பெல்ட் வழியாக மேலே சின்னச் சக்கரம் சுற்றும். பெரியது ஒருமுறை சுற்றுவதற்குள் சின்னது மூன்று நான்கு முறை சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி ஒருமுறை இறங்கி, மேல் நூலைக் கீழ் நூலோடு கோத்துவிட்டு ஏறும். அந்த அதிர்வு முழுவதும் நான்கு இரும்புக் கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கும். நமக்குத் தரை, அவருக்குக் கூரை.

"சத்தம் காத்துல போகலை, காலுல போகுது. காலுக்குச் செருப்பு போட்டா சரியாயிடும்" என்றார் வாத்தியார்.

பழைய ரப்பர் செருப்பு இரண்டை அறுத்து நான்கு துண்டாக்கி, மெஷின் கால்களுக்கு அடியில் வைத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் மெஷினுக்குக் கால் முளைத்தது. நான்கு கவசம் தைப்பதற்குள் அது ஜன்னல் பக்கம் இரண்டடி நடந்துவிட்டது. டெய்லரக்காவும் ஸ்டூலை இழுத்துக்கொண்டே பின்னால் போனார்.

நிறுத்தியதும், டொக் டொக்! முன்னைவிடப் பலமாக.

"குறைஞ்ச சத்தத்துக்கே இவ்வளவு கோபமா?"

"கோபத்துக்கு ஒரு தாமதம் உண்டு. முன்னாடி வந்தது இப்பத்தான் வெளியே வருது" என்றார் வாத்தியார். அறிவியலில் இப்படி ஒன்றும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை செருப்புக்கு அடியில் மடித்த கம்பளி வந்தது. மெஷின் இப்போது நடக்கவில்லை, ஆடியது. தையல் கோணியது. பன்னிரண்டு கவசத்தைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. சத்தம் என்னவோ பூனை நடை. தட்டலோ கதவை உடைக்கிற மாதிரி.

டெய்லரக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "அண்ணா! மன்னிச்சுக்கோங்க! சத்தத்தைக் குறைச்சுட்டேன்! இன்னும் குறைக்கிறேன்!"

பதிலுக்கு ஏதோ சொல்ல வந்த குரல் இருமலில் சிக்கிக்கொண்டது. அதற்குப் பின்னாலேயே, டொக் டொக், டொக் டொக்.

"பாருங்க, என்னால அவருக்கு இருமல்கூட ஏறிடுச்சு" என்று டெய்லரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை இருவருமாக மெஷினைத் தூக்கிச் சமையலறையில், அடுப்புக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவில் வைத்தார்கள். அதற்கு அடியில் டிரைவர் வீட்டுச் சமையலறை. பகலில் அங்கே யாரும் படுப்பதில்லை. வாத்தியார் பெருமையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெருமை அரைமணி நேரம் நீடித்தது.

டொக் டொக். வீட்டின் மறுகோடியிலிருந்து, அதே பின்னறையிலிருந்து.

"நீ இங்கே தைக்கிறே, அவர் அங்கே தட்டுறார். மனுஷனுக்கு இருக்கிறது காதா, ரேடாரா?"

"விடுங்க. காய்ச்சல்ல கிடக்கிறவர். அவர் ஓட்டினதாலதான் நம்ம அடுப்பு எரிஞ்சுது. நான் கையால தைச்சுக்கிறேன்."

மெஷினில் ஒரு கவசத்துக்கு ஆறு நிமிடம். கையால் தைத்தால் ஒரு மணி நேரம். மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, டெய்லரக்கா மறுபடி பின்னறைத் தரையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். வீடு நிசப்தம். முதல் மடிப்பில் ஊசியை இறக்கினார்.

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

ஊசி கையிலிருந்து விழுந்தது.

"என்னங்க," குரல் கிசுகிசுப்பாக வந்தது, "ஊசி இறங்குற சத்தம்கூடவா அவருக்குக் கேட்குது?"

வாத்தியார் மறுபடி தரையில் காதை வைத்தார். இருபத்தைந்து வருட அறிவியல் அவரைக் கைவிட்டிருந்தது. லேப்டாப்பில் மியூட் போட மறந்திருந்ததால் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. தைத்தது நூற்று முப்பத்திரண்டு. பாக்கி அறுபத்தெட்டு. விடிந்தால் வண்டி வந்துவிடும். டெய்லரக்காவின் கட்டைவிரல் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு முடியாது என்று சொல்லப் போனைக் கையில் எடுத்தபோது வாசலில் குரல் கேட்டது.

"அக்கா!"

டிரைவரின் மனைவி. முகக்கவசத்தோடு, படிக்கட்டின் நான்கு படி கீழே நின்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"நோட்டீஸைக் கிழிச்சாச்சுக்கா. அவருக்குத் தொற்று போயிடுச்சு. இருமல்தான் கொஞ்சம் பாக்கி."

"அப்பாடா! கடவுளே, நல்லா இருக்கட்டும்." டெய்லரக்கா மனதாரக் கும்பிட்டார். அப்புறம்தான் அவள் கையில் இருந்த தகர டப்பாவைக் கவனித்தார்.

"இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னார். எண்ணெய். மெஷினுக்குப் போடணுமாம்."

லாரி இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய். தையல் மெஷினுக்கான எண்ணெய் தண்ணீர் மாதிரி இருக்கும். இதுவோ தேன் மாதிரி. இதை ஊற்றினால் மெஷின் ஒரு தையல்கூடப் போடாது. டெய்லரக்காவுக்கு முகம் சுருங்கியது. இதைவிட நாசூக்காக ஒருவர் எப்படித் திட்ட முடியும்?

"தங்கச்சி, அவர்கிட்ட சொல்லு. நாலு நாளா அவரைத் தூங்கவிடாம பண்ணிட்டேன். செருப்பு வச்சேன், கம்பளி வச்சேன், சமையலறைக்குத் தூக்கிட்டுப் போனேன். இனிமே அந்த மெஷினைத் தொடவே மாட்டேன். சத்தியம்."

அவள் பதறிப்போய் இரண்டு படி மேலே ஏறிவிட்டாள். இடைவெளி ஞாபகம் வந்து ஒரு படி இறங்கினாள்.

"ஐயோ அக்கா, ஓடுற லாரியில பின்னால படுத்துத் தூங்கியே பழகின மனுஷன் அவர், இன்ஜின் நின்னா முழிச்சுக்குவார், ரெண்டு தட்டு தட்டினா 'வண்டியை எடு'ன்னு அர்த்தம், நாலு நாளா அதைத்தானே உங்களைக் கெஞ்சிக்கிட்டிருக்கார்!"