ஆம்பள சாரும் அர்த்தநாரி மீனும்

செந்துறைப் பக்கத்து ஏரிக்கரையில் அன்று அப்பா இருந்தார். அவரோடு சேர்ந்து முதன்முதலாக ஏரியைக் குத்தகை எடுத்த கூலிக்காரர்கள் இருந்தார்கள். கத்தியும் கூடையுமாக மீன் வியாபாரி இருந்தார். காலேஜ் லீவில் நானும் இருந்தேன். இல்லாதவர் ஆம்பள சார் ஒருவர்தான்; பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார்.

பிரம்மாவுக்கு அடுத்தபடியாக, 'நீ ஆண்' என்று விதி எழுதியவர் உலகத்திலேயே அவர்தான். எழுதியது மீன்களுக்கு.

அரியலூரில் சிமெண்ட் தொட்டி கட்டி ஜிலேபி கெண்டைக் குஞ்சு விற்றார். பெண் மீன் கலந்திருந்தால் ஏரியெல்லாம் குஞ்சாகப் பெருகி, எதுவும் விரல் நீளம் தாண்டாது. அதனால் தவிட்டில் ஏதோ மருந்தைக் கலந்து போட்டு, எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுவார்.

"அது எப்படி சார்?" என்று, எங்கள் ஏரிக்குக் குஞ்சு வாங்கப் போனபோது அரண்டுபோய்க் கேட்டேன்.

"பொறந்த குஞ்சு வவுத்துல கொஞ்சம் அணு இருக்கும் தம்பி. முட்டையாவறதா, விந்தாவறதான்னு அதுக்கே தெரியாது. அது முடிவு பண்றதுக்குள்ள நாம போய்ச் சொல்லிடணும்!"

சொல்லவும் செய்வார். தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்து, "ஆம்பளயா லட்சணமா வளரணும், தெரியுதா?" என்று அவர் அதட்டியதைக் கேட்டு, தெருவில் போன ஒருவர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார்.

ஏரியில் மீன் நன்றாகத்தான் விளைந்தது. அன்று கரையில் வியாபாரி திருப்தியோடு ஒன்றை அறுத்தார். அலறினார். வயிற்றில் ஒரு பக்கம் மஞ்சள் சினை, மறுபக்கம் வெள்ளை விந்துப்பை.

"ஐயய்யோ, அர்த்தநாரி! சாமிய அறுத்துட்டனே!" செருப்பை உதறிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இந்த ஏரி மீனே வேணாம். ஆள வுடுங்க."

அப்பா அவர் வழியை மறித்தார். குத்தகைக்காக அம்மாவின் தோடு அடகில் இருந்தது.

அப்போதுதான் ஓடிவந்த சார், மீனைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். "பாதி அணு நம்ம பேச்சக் கேட்டிருக்கு, பாதி கேக்கல! மருந்த முன்னாடியே நிறுத்திட்டேன் போல!"

"சார், எம்பொண்டாட்டி தோடு போவப்போவுது," என்றார் அப்பா.

சாரின் முகம் சுண்டிவிட்டது. "அண்ணே, இத வறுக்கச் சொல்லுங்க. சாமி குத்தம்னா எனக்கே வரட்டும்."

வறுத்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். மீன் தொட்டியிலிருந்து வந்தால், தலை முழுகாமல் வீட்டுக்குள் விடாத சுத்த சைவக் குடும்பம் அவருடையது.

வியாபாரி வானத்தைப் பார்த்தார். இடி எதுவும் விழவில்லை. "அப்ப பாவம் உங்களோட சார்," என்று மீனை அள்ளக் கூடையை எடுத்தார்.

தோடு தப்பியது. வேலிக்காத்தான் புதர் மறைவில் வாந்தியெடுத்துத் திரும்பிய சாரை அப்பா கைத்தாங்கலாகக் கடைக்கு அழைத்துப்போனார். ஆன செலவு ஒரு கோலி சோடா. எல்லோரும் மடியைத் தடவினார்கள். அப்பா யாரையும் கொடுக்கவிடவில்லை. எட்டணா.